ஃபார்ம் சேவ் ஆகலீங்களா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலும் ஒரே பாட்டுதான். ஃபார்ம் போட்டேன், பட்டனை அழுத்தினேன், சேவ் ஆகவில்லை, ஏன் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறது. திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இதே புலம்பல் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். சிலர் கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு, பேர் போடாதீங்க என்று கேட்டிருந்தார்கள். அதனால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

அண்ணா, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேரை ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃபிரேம்வொர்க்), தைம்லீஃப் (பக்கத்துக்கான டெம்ப்ளேட்) வைத்துச் செய்கிறேன். எல்லாம் சரியாக நிரப்பினால் சேவ் ஆகிறது. பீஸ் எண்ணிக்கையைக் காலியாக விட்டால் மட்டும் சிவப்பில் பிழைச் செய்தி வராமல், 400 என்று மொட்டையாக ஒரு பக்கம் வருகிறது. பிழைகளை வாங்கி வைக்கிற பைண்டிங்ரிசல்ட் போட்டுத்தான் வைத்திருக்கிறேனுங்க. — அனுப்பர்பாளையம்

போட்டிருக்கிறீர்கள் தம்பி, எங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். நீங்கள் அனுப்பிய கோடில் முதலில் ஜாப் ஒர்க் ஆப்ஜெக்ட், அடுத்து மாடல் (பக்கத்துக்கு டேட்டா கொண்டுபோவது), அதற்கும் பிறகு பைண்டிங்ரிசல்ட் இருக்கிறது. ஸ்பிரிங்கில் அது எந்த ஆப்ஜெக்டைச் சரிபார்க்கிறதோ அதற்கு அடுத்த இடத்திலேயே நிற்க வேண்டும், நடுவில் வேறு யாரும் வரக் கூடாது. வந்தால், பிழையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்று முடிவு செய்து ஸ்பிரிங் எக்ஸப்ஷனை வீசிவிடும், அதுதான் அந்த 400. எல்லாம் சரியாக நிரப்பினால் வீசுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் சேவ் ஆகிவிடுகிறது. மாடலைத் தூக்கிக் கடைசியில் போடுங்கள்.

அதைச் செய்த கையோடு அடுத்தது வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கையை நீங்கள் சின்ன ‘இன்ட்’ ஆக வைத்திருக்கிறீர்கள். காலிக் கட்டம் வெற்றுச் சரமாகத்தான் சர்வருக்கு வரும், வெற்றுச் சரத்தை இன்ட் ஆக மாற்ற வழியில்லை, ஆகவே திரையில் ‘ஃபெய்ல்டு டு கன்வர்ட் ப்ராப்பர்ட்டி வேல்யூ’ என்று ஆரம்பித்து ஜாவா கிளாஸ் பெயர்களோடு ஒரு நீளமான வாக்கியம் வந்து நிற்கும், அதைப் பார்த்து உங்கள் கஸ்டமர் பயந்துவிடுவார். இன்ட்டை ‘இன்டிஜர்’ ஆக்குங்கள், காலி என்றால் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) ஆகிவிடும். அதன்மேல் நாட்நல் (நல்லாக இருக்கக் கூடாது என்கிற விதி) போடுங்கள். மின் (Min, குறைந்தபட்சம்) 1 போட்டிருக்கிறேனே போதாதா என்றால் போதாது, மின் என்கிற விதி நல்லைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அப்புறம் யாராவது எண்ணுக்குப் பதில் ‘இரண்டு டஜன்’ என்று அடித்தால் வருகிற செய்திக்கு மெசேஜஸ் ஃபைலில் டைப்மிஸ்மேட்ச் என்ற சாவிக்கு உங்கள் வாக்கியத்தை எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஃபார்மைக் காட்டுகிற கெட் மெத்தடில் மாடலுக்குள் ‘என்ட்ரி’ என்ற பெயரில் ஆப்ஜெக்டை வைக்கிறீர்கள், சேவ் செய்கிற போஸ்ட் மெத்தடில் பெயரே கொடுக்கவில்லை. பெயர் கொடுக்காவிட்டால் ஸ்பிரிங் கிளாஸின் பெயரையே எடுத்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டோ என்ட்ரியைத் தேடும், கிடைக்காது, ‘நைதர் பைண்டிங்ரிசல்ட் நார் ப்ளெய்ன் டார்கெட் ஆப்ஜெக்ட்’ என்று புகழ்பெற்ற அந்தப் பிழை விழும். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் வையுங்கள். பிழை இருந்தால் ரீடைரக்ட் செய்யாமல் அதே டெம்ப்ளேட்டைத் திருப்பிக் கொடுங்கள், ரீடைரக்ட் ஆனால் பிழைகளும் அவர் அடித்ததும் சேர்ந்து போய்விடும்.

இதை இவ்வளவு நீட்டக் காரணம், இந்த இதழின் மற்ற கேள்விகளுக்கும் சேர்த்துத்தான். ஃபார்ம் தொல்லை எதுவானாலும் மூன்று இடத்தில் ஒன்றில்தான் இருக்கும். சரக்கு குடோனை விட்டே கிளம்பவில்லை, அல்லது வந்தது ஆனால் பிரிக்க முடியவில்லை, அல்லது பிரித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பிரவுசரிலிருந்து டேட்டாவே போகாதது முதல் வகை, எழுத்தை எண்ணாகவோ தேதியாகவோ மாற்ற முடியாதது இரண்டாவது, வேலிடேஷன் விதியில் அடிபடுவது மூன்றாவது. எந்த வகை என்று தெரியாமல் அனோடேஷனை (கோடில் ஒட்டுகிற நாட்நல், மின் மாதிரி குறிப்புகளை) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு மெயில் போடுகிறார்கள். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேப்பில் அந்த ரிக்வெஸ்டைத் தொட்டு, பேலோடில் என்ன போயிருக்கிறது என்று முதலில் கண்ணால் பாருங்கள். அதைப் பார்க்காமல் எந்த ஃபிரேம்வொர்க்கையும் திட்டாதீர்கள்.

சார், என் ஃபைனல் இயர் ஸ்பிரிங் பூட் ப்ராஜெக்டில் வேலிட் (விதிகளைச் சரிபார் என்கிற அனோடேஷன்) போட்டும் எந்தப் பிழையும் வருவதில்லை. பெயரே இல்லாமல் சேவ் ஆகிறது. யூடியூபில் பார்த்தபடியேதான் எழுதினேன். — பீளமேடு, கல்லூரி மாணவி

வீடியோ எந்த வருடத்தது என்று பாருங்கள் கண்ணு. ஸ்பிரிங் பூட் 2.3 பதிப்பு 2020இல் வந்தபோதே வெப் ஸ்டார்ட்டர் என்கிற லைப்ரரித் தொகுப்பில் இருந்து வேலிடேஷனைப் பிரித்துவிட்டார்கள், வேலிடேஷன் ஸ்டார்ட்டரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த 3.0இல் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் எல்லாம் ஜகார்டா ஆகிவிட்டது. பழைய ஜாவாக்ஸ் ஜார் (லைப்ரரி ஃபைல்) எப்படியோ உள்ளே இருந்தால் கோடு கம்பைலும் ஆகும், ஓடவும் ஓடும், அனோடேஷனை மட்டும் யாரும் மதிக்க மாட்டார்கள். உங்களுக்கு நடப்பது அதுதான், இம்போர்ட் வரியிலேயே தெரிகிறது.

பெயருக்கு நாட்நல் போட்டிருப்பதையும் மாற்றுங்கள். ஃபார்மில் காலியாக விட்ட பெயர் நல்லாக வராது, வெற்றுச் சரமாக வரும், நாட்நல் அதைச் சந்தோஷமாக உள்ளே விட்டுவிடும். நாட்பிளாங்க் போடுங்கள், நாலு ஸ்பேஸ் அடித்து ஏமாற்றினாலும் பிடிக்கும். மாணவருக்குள் முகவரி என்று இன்னொரு ஆப்ஜெக்ட் வைத்திருக்கிறீர்களே, அந்த ஃபீல்டின் தலையிலும் வேலிட் இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற விதிகளை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மஞ்சள் மண்டிக்கு பில் போடுகிற ப்ரோகிராம், நோட் ஜேஎஸ்ஸில். மூன்று பிரச்சினைங்க. ஹெச்எஸ்என் கோடு (சரக்கு வகைக் குறியீடு) 0910 என்று அடித்தால் 910 என்று பிரிண்ட் ஆகிறது. எடையில் 12.75 குவிண்டால் அடித்தால் பிரவுசரே வாங்க மாட்டேன் என்கிறது. ஒரு பில்லில் 1,25,000 ரூபாய் அட்வான்ஸ், வெறும் 1 ரூபாய் என்று பதிவாகி மண்டிக்காரர் சத்தம் போட்டுவிட்டார். — ஈரோடு

சத்தம் போடாமல் என்ன செய்வார். மூன்றுக்கும் வேர் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஃபார்மில் இருந்து வருவது எல்லாமே எழுத்துச் சரம், அதை எப்போது எண்ணாக மாற்றுவது, எதை மாற்றவே கூடாது என்று யோசிக்காமல் வந்ததை எல்லாம் மாற்றியிருக்கிறீர்கள்.

ஹெச்எஸ்என் என்பது இலக்கத்தால் எழுதிய பெயர், அதை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. மஞ்சளும் இஞ்சியும் வருகிற தலைப்பு பூஜ்யத்தில் தொடங்குவதால் ஈரோட்டில் உடனே மாட்டிக்கொண்டீர்கள். திருப்பூரில் இதே ப்ரோகிராமை வைத்திருந்தால் டீ ஷர்ட்டின் 6109 சரியாகவே பிரிண்ட் ஆகி, வருடக்கணக்கில் யாருக்கும் தெரிந்திருக்காது. பேங்க் அக்கவுண்ட் எண், போன் நம்பர், பின்கோடு, ஆதார் எல்லாமே இந்த ரகம்தான். டேட்டாபேஸிலும் சரமாகவே வையுங்கள். இத்தனை இலக்கம், இலக்கம் தவிர வேறு கூடாது என்று விதி மட்டும் போடுங்கள்.

12.75 தடைபடுவது உங்கள் சர்வருக்கே தெரியாத சமாச்சாரம். நம்பர் வகை இன்புட்டில் ‘ஸ்டெப்’ எதுவும் சொல்லாவிட்டால் அது 1 என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் 12 அல்லது 13 போடு என்கிறது. ஸ்டெப் 0.01 என்று கொடுங்கள், தராசு கிராம் வரை காட்டுமானால் ‘எனி’ என்று கொடுத்துவிட்டு எத்தனை தசம இடம் என்பதை சர்வரில் பாருங்கள்.

அந்த ஒரு ரூபாய் அட்வான்ஸ், சரத்தை எண்ணாக்குகிற பார்ஸ்ஃப்ளோட்டின் கைங்கரியம். அது இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வந்து, புரியாத எழுத்தைக் கண்டதும் அதுவரை படித்ததை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். முதல் காற்புள்ளியில் நின்றது, கையில் இருந்தது 1. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. அதற்குப் பதில் ‘நம்பர்’ போட்டால் ‘NaN’ என்கிற எண்ணல்லாத மதிப்பு வரும், குறைந்தபட்சம் பிடிக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு, வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் 0 என்று சொல்லும். ஆகவே வரிசை இதுதான். முதலில் ஸ்பேஸையும் காற்புள்ளியையும் எடுங்கள், அடுத்துக் காலியா என்று பாருங்கள், இலக்கமும் ஒரு புள்ளியும் மட்டும்தானா என்று பாருங்கள், கடைசியாக மாற்றுங்கள். இத்தனையும் தாண்டி, நம்ம ஊர் ஆட்கள் லட்சத்தைக் காற்புள்ளி போட்டுத்தான் அடிப்பார்கள், அடிக்கக் கூடாது என்று அவர்களைத் திட்டுகிற ப்ரோகிராம் எனக்குப் பிடிக்காது.

தேதி ஒரு நாள் முன்னே போய்விடுகிறது. 15ஆம் தேதி தேர்ந்தெடுத்தால் 14 என்று சேவ் ஆகிறது. ரியாக்ட். — மேட்டுப்பாளையம்

உங்கள் டேட் பிக்கர் கொடுப்பது நம் நேரப்படி 15ஆம் தேதி நள்ளிரவு 12 மணி. அதை ஜேசன் (டேட்டாவை அனுப்புகிற எழுத்து வடிவம்) ஆக்கும்போது உலகப் பொது நேரத்துக்கு மாறுகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அதனால் அது 14ஆம் தேதி மாலை 6.30 ஆகிவிடுகிறது. நெட்வொர்க் டேப்பில் 18:30 என்ற எண்ணைப் பார்த்தாலே இந்த நோய்தான் என்று சொல்லிவிடலாம். நேரம் தேவையில்லாத இடத்தில் டேட் ஆப்ஜெக்டையே அனுப்பாதீர்கள், வருடம் மாதம் நாள் என்று சரமாக அனுப்புங்கள். பிரவுசரின் சொந்த டேட் இன்புட் திரையில் எப்படிக் காட்டினாலும் அனுப்புவது அந்த வரிசையில்தான், சர்வரில் நாள் மாதம் வருடம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் அதையும் கவனிக்கவும்.

எங்கள் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் படிவத்தில் தமிழில் பெயர் எழுதினால் ‘எழுத்துகள் மட்டும்’ என்று பிழை காட்டுகிறது. எழுத்துகள்தானே எழுதுகிறோம்? செய்து கொடுத்தவர் யூனிகோட் சப்போர்ட் போட்டாச்சு என்கிறார். — சென்னிமலை

அவர் போட்டிருப்பது உண்மையாகத்தான் இருக்கும், பாதி போட்டிருக்கிறார். முன்பு ஏ முதல் இசட் வரை என்று விதி இருந்திருக்கும், அதை எடுத்துவிட்டு ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கிற விதி) யூனிகோடின் ‘எல்’ வகை, அதாவது எழுத்து வகை, என்று மாற்றியிருப்பார். ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் அது போதும். தமிழில் க, ம, ர மாதிரி அகரமேறிய எழுத்துகளும் அ, ஆ போன்ற உயிர்களும் மட்டும்தான் அந்த வகை. புள்ளியும், கால், கொம்பு, சுழி எல்லாமும் ‘எம்’ என்கிற குறி வகையில் இருக்கின்றன. ஆக ‘கமல’ போகும், ‘கமலா’ போகாது. ‘பழனிசாமி’ போகவே போகாது. விதியில் எம் வகையையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் விதியின் கடைசியில் யூ (u) கொடியும் வேண்டும், இல்லாவிட்டால் இந்த வகைப் பெயர்களே அதற்குப் புரியாது.

நீளத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கொங்கு’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினி அதை ஆறாக எண்ணும். பெயர் அதிகபட்சம் 20 என்று வைத்தால் ஆங்கிலத்தில் சரியாக இருக்கிற பெயர் தமிழில் முட்டும். டேட்டாபேஸில் பைட் கணக்கு என்றால் இன்னும் மோசம், யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். மைஎஸ்க்யூஎல் வார்சாரில் எழுத்துக் கணக்கு, ஆரக்கிளில் நீங்கள் மாற்றிச் சொல்லாவிட்டால் பைட் கணக்கு. போதாததற்கு ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், முன்னால் கொம்பும் பின்னால் காலுமாகத் தனித்தனியாகவும் அடிக்கலாம், திரையில் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. வாங்கிய உடனே என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்து வைக்கிற யூனிகோட்) வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் அந்தத் தலைவலி தீரும்.

என்னைக் கேட்டால் பெயருக்கு இந்தப் பரிசோதனையே தேவையில்லை. காலியாக இருக்கக் கூடாது, அளவு கடந்த நீளம் கூடாது, அவ்வளவு போதும். ‘லாஸ்ட் நேம் கட்டாயம், இரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது’ என்று ஒரு ஃபார்ம் வைக்கிறார்களே, அதை நம் பக்கத்து ஆள் நிரப்பினால் என்ன எழுதுவார்? இருப்பது ஒரு இனிஷியல். அதையே இரண்டு முறை எழுதுவார், இல்லாவிட்டால் அப்பா பெயரை எழுதுவார், பிறகு டிக்கெட்டிலும் சான்றிதழிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்ளும். இங்கே பிழை விதியை எழுதியவருடையது, நிரப்பியவருடையது அல்ல.

ஜிஎஸ்டி எண்ணைச் சரியாகக் கொடுத்தாலும் தவறு என்கிறது. — பல்லடம்

வாட்ஸ்அப்பில் இருந்து காப்பி செய்து ஒட்டியிருப்பார்கள், கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அல்லது சின்ன எழுத்தில் அடித்திருப்பார்கள். ஓரங்களை வெட்டி, பெரிய எழுத்தாக்கி, அதன் பிறகு விதியில் ஓட்டுங்கள். 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 பான் எண். 33 தவிர வேறு கூடாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சூரத்துக்காரர் துணி வாங்க வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆர்டர் என்ட்ரி ஃபார்ம், லாராவெல் (பிஹெச்பி ஃபிரேம்வொர்க்). ஸ்டைல், கலர், சைஸ் எல்லாம் ஒரே பக்கத்தில் பெரிய அட்டவணையாக அடிப்பார்கள். சின்ன ஆர்டர் ஒழுங்காகச் சேவ் ஆகிறது. பெரிய ஆர்டரில் கடைசி ஸ்டைல்கள் மட்டும் காணாமல் போகின்றன. பிழையும் இல்லை, லாகிலும் ஒன்றும் கண்ணில் படவில்லை. பையருக்கு குறைத்துப் பதிவாகி ஷிப்மென்ட்டே சிக்கலாகிவிட்டதுங்க. — திருப்பூர்

ஒரு ஸ்டைலுக்கு 12 கலர், கலருக்கு 8 சைஸ் என்றால் 96 கட்டம். 10 ஸ்டைல் என்றால் 960. பதினோராவது ஸ்டைலில் 1056 ஆகிறது, அங்கேதான் வெட்டு விழுகிறது. பிஹெச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்று ஒரு அமைப்பு, சொல்லாவிட்டால் 1000. அதற்கு மேல் வருகிற கட்டங்களை அது தூக்கி எறிந்துவிட்டு ஒரு வார்னிங்கோடு நிறுத்திக்கொள்ளும், அதுவும் உங்கள் கோடு ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே, அதனால் லாராவெல் லாகில் தேடினால் எப்படிக் கிடைக்கும். நெட்வொர்க் டேப்பில் எல்லாக் கட்டமும் போயிருக்கும், சர்வரில் வந்ததை டம்ப் செய்து பார்த்தால் குறைவாக இருக்கும். இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

கோடுக்குள் இருந்து அந்த அளவை மாற்ற முடியாது, பிஹெச்பி ஐஎன்ஐ ஃபைலில் ஏற்றிவிட்டு பிஹெச்பியை ஓட்டுகிற எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆனால் 5000 என்று ஏற்றி வைத்தால் அடுத்த வருடம் ஒரு பெரிய பையர் வருவார், மறுபடி இதே கதை. அட்டவணை முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஜேசன் சரமாக்கி அனுப்புங்கள், அது ஒரே கட்டமாகத்தான் கணக்காகும். கூடவே எத்தனை வரி, மொத்தம் எத்தனை பீஸ் என்பதையும் தனியாக அனுப்பி, சர்வரில் கூட்டிப் பார்த்து ஒத்துவராவிட்டால் சேவ் செய்யாமல் நிறுத்துங்கள். டெலிவரி சலானில் அடியில் மொத்தம் போடுவது எதற்காக, இதற்காகத்தான்.

இந்த மாதிரி வரம்பு எல்லா வீட்டிலும் உண்டு. பைத்தானின் ஜாங்கோவிலும் 1000 கட்டம்தான், ஆனால் அது தாண்டினால் 400 கொடுத்து நின்றுவிடும், அது எவ்வளவோ மேல். ஸ்பிரிங்கில் லிஸ்ட் தானாக வளர்வது 256 வரை, அதைத் தாண்டினால் எக்ஸப்ஷன். ஏஎஸ்பி டாட் நெட் கோரில் 1024. இன்னொரு விஷயம், நடுவில் ஒரு வரியை ஜாவாஸ்கிரிப்டால் நீக்கினால் வரிசை எண்ணில் ஓட்டை விழும். பிஹெச்பிக்குக் கவலை இல்லை. ஸ்பிரிங் அந்த இடத்தில் ஒரு காலி ஆப்ஜெக்டை வைக்கும். டாட் நெட் ஓட்டை வரை படித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். நீக்கியதும் மறுபடி 0, 1, 2 என்று எண்ணைப் போட்டுவிடுங்கள்.

ஜாங்கோவில் பில் போட்டோ ஏற்றுகிறோம். போட்டோவைத் தேர்ந்தெடுத்த பிறகும் ‘இந்தப் புலம் கட்டாயம்’ என்கிறது. — கரூர்

ஃபார்ம் டேகில் என்க்டைப் மல்டிபார்ட் என்று இல்லை. அது இல்லாவிட்டால் ஃபைலின் பெயர் மட்டும் போகும், ஃபைல் போகாது. அதைச் சேர்த்த பின், வியூவில் ரிக்வெஸ்ட் டாட் ஃபைல்ஸையும் ஃபார்முக்கு இரண்டாவதாகக் கொடுங்கள், நீங்கள் போஸ்டை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டும் சரியான பிறகு 413 (அனுப்பியது அளவுக்கு மேல்) வந்தால் அது ஜாங்கோ இல்லை, முன்னால் நிற்கிற வெப் சர்வரான என்ஜின்எக்ஸ். அதன் இயல்பான வரம்பு 1 எம்பி, இன்றைய போன் கேமராவில் எடுத்த பில் போட்டோ அதற்குள் அடங்காது.

வேறு கட்டத்தில் பிழை வந்து ஃபார்ம் திரும்ப வரும்போது போட்டோவை மறுபடி தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும், பாதுகாப்புக்காக பிரவுசர் ஃபைல் கட்டத்தை நிரப்ப விடாது.

கஸ்டமர் மாஸ்டரில் ‘ஆக்டிவ்’ டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்தால் மறுபடி டிக்கோடு நிற்கிறது. இளநீர் ஏற்றுகிற வியாபாரிகள் லிஸ்ட், பழைய ஆட்களை நீக்கவே முடியவில்லை. — பொள்ளாச்சி

டிக் இல்லாத செக்பாக்ஸ் ‘இல்லை’ என்று சொல்லாது, வாயே திறக்காது, பேலோடில் அந்தப் பெயரே இருக்காது. உங்கள் கோடு வந்ததை மட்டும் அப்டேட் செய்கிறது, வராததைப் பழையபடியே விடுகிறது. செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில் 0 மதிப்போடு ஒரு ஹிடன் இன்புட் வையுங்கள், பிஹெச்பியில் பின்னால் வருவது ஜெயிக்கும். ஜாங்கோக்காரர்களுக்கு இதன் மறுபக்கம்: பூலியன்ஃபீல்டில் ரிக்வயர்டு ஃபால்ஸ் என்று சொல்லாவிட்டால் டிக் செய்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும். டிஸேபிள் செய்த கட்டமும் போகாது, ரீட்ஒன்லி போகும், இதுவும் அடிக்கடி வருகிற கேள்வி.

முட்டை விலை ஏற்றுகிற மொபைல் ஆப், பின்னால் டாட் நெட். விலை அனுப்பாவிட்டாலும் 0 என்று சேவ் ஆகிறது, ரிக்வயர்டு போட்டும் பயனில்லை. ஆனால் ரிக்வயர்டு போடாத ‘குறிப்பு’ கட்டத்தைக் கட்டாயம் என்கிறது. தலைகீழாக இருக்கிறதே சார். — நாமக்கல்

தலைகீழாகத்தான் தெரியும். விலை டெசிமல், அது காலியாக இருக்கவே முடியாத வகை. ஜேசனில் விலை வராவிட்டால் 0 என்று பிறந்துவிடுகிறது, ரிக்வயர்டு வந்து பார்க்கும்போது மதிப்பு இருக்கிறது, சரி என்று போய்விடுகிறது. டெசிமலுக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு நல் ஆகக்கூடியதாக மாற்றுங்கள், அப்போது ரிக்வயர்டு வேலை செய்யும். 0 ரூபாய் விலை எப்போதும் தவறு என்பதால் ரேஞ்சும் போட்டு வையுங்கள்.

குறிப்பு விஷயம், டாட் நெட் 6 முதல் புது ப்ராஜெக்டில் நல்லபிள் என்ற அமைப்பு இயக்கத்திலேயே வருகிறது. அது இருந்தால் கேள்விக்குறி இல்லாத ஸ்ட்ரிங் எல்லாமே கட்டாயம் என்று ஃபிரேம்வொர்க் எடுத்துக்கொள்ளும். அதற்கும் ஒரு கேள்விக்குறி.

ரியாக்டிலேயே எல்லாம் சரிபார்த்துவிடுகிறோம். சர்வரிலும் இன்னொரு தடவை எழுதச் சொல்கிறார் எங்கள் லீட். வெட்டி வேலைதானே? — சரவணம்பட்டி

உங்கள் லீட் சொல்வதைக் கேளுங்கள். பிரவுசரில் இருப்பது நிரப்புகிறவருக்கு உதவி, காவல் இல்லை. நெட்வொர்க் டேப்பில் அந்த ரிக்வெஸ்டைக் காப்பி செய்து, விலையை மாற்றி, கர்ல் என்ற கமாண்ட் வழியாக அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது, உங்கள் ரியாக்ட் அதைப் பார்க்கவே பார்க்காது.

அதைவிட ஆபத்து, ஃபார்மில் இல்லாத கட்டத்தை அவர்கள் சேர்த்து அனுப்புவது. வந்ததை எல்லாம் அப்படியே யூசர் ஆப்ஜெக்டில் ஒட்டினால், ‘அட்மின்’ என்று ஒரு பெயர் கூடுதலாக வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். 2012இல் ஒருவர் கிட்ஹப்பிலேயே இந்த வழியில் ரெயில்ஸ் ப்ராஜெக்டுக்குள் உள்ளே நுழைய உதவும் தன் சாவியைச் சேர்த்துக் காட்டினார். 2022இல் ஸ்பிரிங்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையால் ஊரே பதறியதும் இந்த பைண்டிங் (ஃபார்ம் மதிப்பை ஆப்ஜெக்டில் ஒட்டுவது) வழியாகத்தான், ஆப்ஜெக்டில் தொடங்கி கிளாஸ் லோடர் வரை ஃபார்ம் பெயராலேயே எட்ட முடிந்தது. ஃபார்முக்கென்று தேவையான கட்டங்கள் மட்டும் உள்ள தனி கிளாஸ் எழுதி, அதில் இருந்து டேட்டாபேஸ் ஆப்ஜெக்டுக்கு நீங்களே மாற்றுங்கள். லாராவெலில் ஃபில்லபிள் (நிரப்ப அனுமதித்த கட்டங்கள்) லிஸ்ட் இருப்பதும் இதற்குத்தான், அதில் எல்லாவற்றையும் போட்டு வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீளமான ஃபார்ம். பாதி அடித்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்து சேவ் அழுத்தினால் 419, பேஜ் எக்ஸ்பயர்டு. அடித்தது எல்லாம் போச்சு. ஃபார்ம் நம் பக்கத்தில் இருந்துதான் வந்ததா என்று பார்க்கிற டோக்கன் செக்கையே எடுத்துவிடலாமா? — தாராபுரம்

எடுக்காதீர்கள். லாராவெலில் செஷன் ஆயுள் சாதாரணமாக 120 நிமிடம், சாப்பாடு கொஞ்சம் நீண்டு, நடுவில் கரண்டும் போய் வந்தால் தாண்டிவிடும், செஷனோடு டோக்கனும் செத்துவிடும். ஆயுளை ஒரு ஷிஃப்ட் அளவுக்கு ஏற்றுங்கள், அல்லது ஃபார்ம் திறந்திருக்கும் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரை ஒரு சின்ன ரிக்வெஸ்ட் தட்டி எழுப்பட்டும். 419 வரும்போது அந்தப் பக்கத்தைக் காட்டாமல், அடித்த மதிப்புகளோடு ஃபார்முக்கே திருப்பி அனுப்ப எக்ஸப்ஷன் ஹேண்ட்லரில் சில வரிகள் போதும், பாஸ்வேர்டு கட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். லோக்கல் ஸ்டோரேஜில் வரைவு வைக்கிற யோசனையும் எழுதியிருந்தீர்கள், நல்லதுதான், ஆனால் ஒரே கம்ப்யூட்டரில் நாலு பேர் உட்காருகிற ஆபீஸ் என்கிறீர்களே, அங்கே பேங்க் விவரம் உள்ள ஃபார்முக்கு அது வேண்டாம்.